தலை குனியாமல் முழந்தாளிட ஓர் ஆலயம்

இல்லமும் ஆலயமும்



கோவில் இல்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. புதிய ஊருக்கு மாற்றலாகிச் செல்லும் கத்தோலிக்கக் குடும்பம், வீடு பார்த்த கையோடு விசாரிப்பது பங்குக் கோவில் எங்கே, ஞாயிறு திருப்பலி எத்தனை மணிக்கு என்பதைத்தான். படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் பிள்ளை கடல் கடந்து செல்லும்போது, பெட்டிக்குள் செபமாலையை வைத்துவிட்டுத் தாய் சொல்லும் கடைசிச் சொல்லும் அதுவே: "பூசையை மட்டும் விட்டுவிடாதே, ராசா."

ஆனால் கோவிலின் முகவரியும் பூசை நேரமும் தெரிந்தால் மட்டும் போதாத பிள்ளைகளும் நம் குடும்பங்களில் பிறந்திருக்கின்றார்கள். தம் பாலினத்தாரிடமே ஈர்ப்புக் கொள்ளும் ஆண்களும் பெண்களும் இருக்கின்றார்கள். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலோடு ஒன்ற இயலாத திருநங்கையரும் திருநம்பியரும் இருக்கின்றார்கள். இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர். நம் ஞானஸ்நானத் தொட்டியில் நீர் பெற்று, நம் மறைக்கல்வி வகுப்பில் செபங்களை ஒப்புவித்து, நம் பீடத்தில் பூசை உதவி செய்து வளர்ந்தவர்கள். கோவில் படியேறும்போது இவர்கள் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றே: "நான் யார் என்று அறிந்தால், இங்குள்ளோர் என்னை இருக்க விடுவார்களா?" அக்கேள்விக்கு விடை காணாமல் வாசலோடு திரும்பியவர்கள் பலர். முதலில் நற்கருணை உட்கொள்வது நிற்கும்; பின்னர் திருப்பலி நிற்கும்; இறுதியில் வீட்டோடு பேசும் பேச்சும் குறைந்துவிடும்.

இத்தகைய மகனோ மகளோ தொலைவில் ஒரு நகரத்தில் தனித்து வாழ, "அவன் செல்லத்தக்க கோவில் அங்கே ஏதேனும் உண்டா?" என்று வெளியே கேட்கவும் இயலாமல் கலங்கும் பெற்றோரை மனத்திற் கொண்டே இத்திங்கள் இப்பகுதி எழுதப்படுகின்றது.

திருச்சபை கூறுவது யாது?

முதற்கண் ஓர் ஐயத்தைப் போக்கிக்கொள்வோம். இப்பிள்ளைகளை வரவேற்பது திருச்சபையின் போதனைக்கு மாறானதோ என்று அஞ்சுவோர் உளர். 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இப்பொருளை 2357 முதல் 2359 வரையுள்ள எண்களில் எடுத்துரைக்கின்றது. தன்பால் உறவுச் செயல்களைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதை அது மறைக்கவில்லை. அதே இடத்தில், இவ்வியல்புடைய மக்கள் மதிப்போடும் பரிவோடும் நுண்ணிய உணர்வோடும் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்றும், நீதியற்ற பாகுபாட்டின் சாயல்கூட அவர்கள்மீது விழலாகாது என்றும் கட்டளையிடுகின்றது. முதற்பகுதியை மனப்பாடமாகச் சொல்வோர் பலர். பிற்பகுதியை அறிந்தோர் சிலரே.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்ப அன்பைப் பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில் இந்நெறியை மீண்டும் வலியுறுத்தினார். தன்பாலீர்ப்புடையவராயிருத்தல் குற்றமன்று என்று 2023 சனவரியில் வெளிப்படையாக உரைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 18 அன்று உரோமையிலிருந்து வெளிவந்த அறிக்கை, தன்பால் இணையர் வந்து வேண்டும்போது வழிபாட்டுச் சடங்கின் வடிவம் இன்றி எளிய ஆசி வழங்க அருட்பணியாளர்க்கு இடமளித்தது. திருமணம் பற்றிய போதனை இவற்றால் மாறவில்லை. மாறாத போதனையோடு கூடவே மாறாத வரவேற்பும் கேட்கப்படுகின்றது என்பதே ஈண்டு நாம் உணர வேண்டுவது.

ஆகவே, வரவேற்கும் ஆலயத்தைத் தேடும் கத்தோலிக்கன் சலுகை எதையும் இரந்து நிற்கவில்லை. எல்லாப் பங்குகளிலும் இருந்திருக்க வேண்டியதைத்தான் அவன் தேடுகின்றான்.

இலண்டன் மாநகரின் கதை

இத்தேடல் எத்துணை நெடியது என்பதை இலண்டன் மாநகரில் நடந்த நிகழ்ச்சிகள் விளக்கும். தன்பாலீர்ப்புடைய கத்தோலிக்கர் ஒருவர்க்கொருவர் துணையாயிருக்க 'குவெஸ்ட்' என்னும் குழு பிரித்தானியாவில் 1973-இலேயே தோன்றியது. எனினும் அவர்கள் ஒன்றுகூடித் திருப்பலி காண ஓர் இடம் எளிதில் கிட்டவில்லை. 1999-ஆம் ஆண்டு, நகரின் காம்டன் பகுதியிலிருந்த கன்னியர் மடம் ஒன்று அவர்களுக்குக் கதவைத் திறந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்றுதான், சோஹோ பகுதியில் தன்பாலீர்ப்புடையோர் கூடும் மதுக்கடை ஒன்றில் பகைமை கொண்ட ஒருவன் வெடிகுண்டு வைத்து மூவரைக் கொன்றான். அச்சம் சூழ்ந்த அந்நாட்களில் செபிக்க ஓர் அறை கிடைத்ததும் பெரிதாகவே இருந்தது.

2001-இல் இத்திருப்பலி சோஹோவிலுள்ள புனித அன்னம்மாள் ஆலயத்திற்கு மாறியது. அது கத்தோலிக்க ஆலயமன்று, ஆங்கிலிக்க சபையினருடையது. கத்தோலிக்கர் தம் திருப்பலியைக் காண அயல் சபையின் கூரையைக் கடனாகப் பெற நேர்ந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2007-இல், கர்தினால் கார்மக் மர்பி ஓகானர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராயிருந்த காலத்தில், வாரிக் தெருவிலுள்ள விண்ணேற்பு அன்னை, புனித கிரகோரியார் ஆலயத்தில் அவர்களுக்கு இடம் அளிக்கப்பட்டது. தம் சொந்தத் திருச்சபையின் கூரைக்குக் கீழ் அவர்கள் திரும்பி வந்தனர்.

இந்த வாரிக் தெரு ஆலயத்திற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் கத்தோலிக்க வழிபாடு சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், அயல்நாட்டுத் தூதரகங்களின் சிற்றாலயங்களிலேயே இலண்டன் கத்தோலிக்கர் பூசை கண்டனர். அத்தகைய ஒன்று இவ்விடத்தில் இருந்தது. 1780-இல் கத்தோலிக்கருக்கு எதிராகக் கிளம்பிய கலகத்தில் வெறி கொண்ட கும்பல் அதைச் சூறையாடியது. பின்னர் 1790-இல் திறக்கப்பட்ட இன்றைய ஆலயம், வெளியே பார்ப்போர் கோவில் என்று எளிதில் அறியாதபடி, அணியேதுமற்ற செங்கல் முகப்போடு எழுப்பப்பட்டது. ஒளிந்து நின்று வழிபட்ட கத்தோலிக்கரின் அதே ஆலயத்தில், இரு நூற்றாண்டுகள் கழித்து, தம் சொந்தச் சபைக்குள்ளேயே ஒளிந்து நின்ற மக்கள் வந்து முழந்தாளிட்டனர். வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்துச் செபமாலை சொன்னோரும் இருந்தனர்.

2013 சனவரியில் அப்போதைய பேராயர் வின்சென்ட் நிக்கோல்ஸ் ஒரு முடிவை அறிவித்தார். தனித்த திருப்பலி என்ற ஏற்பாடு நிறுத்தப்படும். மேய்ப்புப்பணி மேஃபேர் பகுதியில் ஃபார்ம் தெருவிலுள்ள இயேசு சபைத் தந்தையரின் அமலோற்பவ அன்னை ஆலயத்தில் தொடரும் என்றார். துரத்தப்படுகின்றோமோ என்று பலர் அன்று மனம் நொந்தனர். அந்நோவு நியாயமற்றதென்று எவரும் சொல்ல இயலாது. ஆயினும் அவ்வாண்டு மார்ச்சு முதல் அவர்கள் ஃபார்ம் தெரு ஆலயத்தின் வழக்கமான ஞாயிறு மாலைத் திருப்பலியில், மற்றப் பங்கு மக்களோடு பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்தனர். ஒருபுறம் முதியவர், மறுபுறம் குழந்தையோடு வந்த தாய், நடுவில் அவர்கள். திருப்பலி முடிந்ததும் கூடி அமர்ந்து தேநீர் அருந்திப் பேசினர்.

கன்னியர் மடத்தின் அறை, பிறர் ஆலயம், தமக்கெனத் தனித் திருப்பலி, பின்னர் எல்லாரோடும் கலந்த ஞாயிறு திருப்பலி என்று பதினான்கு ஆண்டுகளில் நடந்த பயணம் இது. ஒவ்வொரு படியும் அதனதன் காலத்தில் தேவைப்பட்டதே. காயம் பட்டவனுக்கு முதலில் தனி அறை வேண்டும். குணமடைந்தபின் குடும்பத்தோடு பந்தியில் அமர்தல் வேண்டும். உங்கள் பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கின்றான் என்பதை அறிந்து, அதற்கேற்ற ஆலயத்தைத் தேடுதலே முறையாகும்.

தேடும் வழி

இனி, அயலூரில் இத்தகைய ஆலயத்தைக் கண்டறியும் வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, முன்பே தேடியவர்களைக் கேட்டல். அமெரிக்காவில் 1977-இல் அருட்சகோதரி ஜெனீன் கிராமிக், அருள்தந்தை இராபர்ட் நியூஜென்ட் ஆகிய இருவரும் தொடங்கிய 'நியூ வேஸ்' என்னும் பணிக்குழு, இம்மக்களை வரவேற்கும் கத்தோலிக்கப் பங்குகளின் பட்டியலை மாநிலவாரியாகத் தொகுத்து வருகின்றது. இருவரும் இப்பணியில் ஈடுபடலாகாதென 1999-இல் உரோமை தடை விதித்தது. அதே சகோதரியை 2023 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் நேரில் வரவேற்று உரையாடினார். இங்கிலாந்தில் மேலே கூறிய ஃபார்ம் தெருக் குழுவினரையும் 'குவெஸ்ட்' குழுவினரையும் அணுகலாம். பட்டியலில் பெயர் இருப்பது தொடக்கமே; பங்குத்தந்தை மாறினால் பங்கின் போக்கும் மாறக்கூடும் என்பதால், நேரில் சென்று பார்த்தே தெளிய வேண்டும்.

இரண்டாவது, பங்கு அறிவிப்பு மடலைப் படித்தல். அதில் எவ்வெக்குழுக்கள் கூடுகின்றன, யார் யாருக்காகச் செபிக்கின்றார்கள், இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் கூடும் குழு உண்டா என்பவை தெரியும். 'அனைவரும் வருக' என்று வாயிலில் எழுதிவைப்பது எளிது. உள்ளே யாரை நினைத்து அவ்வாறு எழுதினார்கள் என்பதை அம்மடல் காட்டிவிடும்.

மூன்றாவது, அவசரப்படாமல் மூன்று நான்கு ஞாயிறுகள் சென்று பின்னிருக்கையில் அமர்ந்து கவனித்தல். மறையுரையில் இம்மக்கள் ஏளனத்திற்கும் எச்சரிக்கைக்கும் மட்டுமே பயன்படுகின்றார்களா? விசுவாசிகள் மன்றாட்டில் அவர்கள் இடம்பெறுகின்றார்களா? புதியவரைக் கண்டு பக்கத்தில் இருப்பவர் புன்னகை செய்கின்றாரா? திருப்பலிக்குப் பின் தனியே நிற்கும் ஒருவரிடம் எவரேனும் வந்து பெயர் கேட்கின்றாரா?

நான்காவது, பங்குத்தந்தையிடம் நேரம் கேட்டுப் பெற்று மனம் திறந்து பேசுதல். "சாமி, நான் இத்தகையவன். இங்கே பாடகர் குழுவில் பாடலாமா? ஏழைகளுக்கு உணவளிக்கும் பணியில் சேரலாமா? என்னோடு வாழ்பவரும் வந்து என் பக்கத்தில் அமரலாமா?" என்று நேராகவே கேட்கலாம். எல்லாவற்றிற்கும் 'ஆம்' என்ற விடை வராமற் போகலாம். ஆனால் விடை சொல்பவரின் குரலில் கனிவு உண்டா, அவர் கேட்பதற்குக் காது கொடுத்தாரா என்பதை அறியலாம். திருச்சபையின் போதனையை மறைக்காமல் சொல்லிவிட்டு, "அடுத்த ஞாயிறும் வா, உனக்காகக் காத்திருப்பேன்" என்று கூறும் குருவானவர், இனிக்கப் பேசிவிட்டுப் பிறகு முகம் திருப்புபவரினும் மேலானவர்.

ஐந்தாவது ஓர் எச்சரிக்கை. செபத்தாலும் உபவாசத்தாலும் சிகிச்சையாலும் இவ்வியல்பை 'மாற்றிவிடுவோம்' என்று வாக்களிக்கும் இடங்களுக்குப் பிள்ளையை அனுப்பலாகாது. உலக நலவாழ்வு நிறுவனம் 1990-இலேயே தன்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. 2021 சூன் திங்களில் நம் சென்னை உயர் நீதிமன்றமும், இத்தகைய மாற்றும் முயற்சிகளை மருத்துவர் செய்யலாகாதெனத் தடுத்தது. நோயில்லாத பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் மருந்தே நோயாகும்.

பங்கு எப்படி வீடாகின்றது?

தேடிக் கண்டடைந்த ஆலயங்கள் எவ்வாறு அத்தன்மை பெற்றன என்று நோக்குமிடத்து, பெரும்பாலும் ஏதேனும் ஒரு துன்ப வேளையே அவற்றின் கதவைத் திறந்ததென்பது புலனாகும்.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், தன்பாலீர்ப்புடையோர் மிகுதியாகக் குடியேறிய காஸ்ட்ரோ பகுதியில் மகா பரிசுத்த மீட்பர் ஆலயம் இருக்கின்றது. பழைய குடும்பங்கள் பல இடம் பெயர்ந்துவிட, பங்கில் எஞ்சியோர் பெரும்பாலும் முதியவர்கள். 1980-களில் எய்ட்ஸ் நோய் அப்பகுதி இளைஞரை வாரிக்கொண்டு போயிற்று. பெற்றோர் கைவிட்ட பலர் தனியறைகளில் மடிந்தனர். 1985-இல் அப்பங்கு மக்கள் நோயுற்றோர்க்கு உதவும் குழுவைத் தொடங்கினர். சமைத்தல், துணி துவைத்தல், அருகில் அமர்ந்திருத்தல் ஆகியனவே அவர்கள் செய்த இறையியல். 1987-இல் கன்னியர் மடமாயிருந்த கட்டடம், இறக்கும் தறுவாயிலிருந்தோரைப் பேணும் இல்லமாயிற்று. மூதாட்டியரும் இளைஞரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்ட பங்கு அது. அதன்பின் 'இவர்களைச் சேர்க்கலாமா?' என்ற விவாதத்திற்கு அங்கே இடம் ஏது?

உரோமைக்குத் தெற்கே கடற்கரையிலுள்ள தோர்வயானிக்கா என்னும் ஊரில் மற்றொரு நிகழ்ச்சி. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, பிழைப்பிழந்த திருநங்கையர் சிலர் பசி தாளாமல் பங்குக் கோவிலின் கதவைத் தட்டினர். பங்குத்தந்தை அருள்தந்தை ஆந்திரேயா கொனொக்கியா அவர்களை யார் எவர் என்று ஆராயவில்லை, உணவளித்தார். அவர்களின் துயரைத் திருத்தந்தைக்குத் தெரிவித்தார். அங்கிருந்து உதவி வந்தது. 2023 நவம்பரில் உலக வறியோர் நாளன்று, வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் ஏழைகளுக்கு அளித்த விருந்தில் அவர்களும் அமர்ந்தனர். உணவுப் பொட்டலத்தில் தொடங்கிய உறவு, திருத்தந்தையின் பந்தியில் கொண்டுபோய் அமர்த்தியது.

பிற சபைக்குச் சென்றுவிட்டால்?

பல கதவுகளைத் தட்டியும் திறவாமையால், பிற சபைகளுக்குச் சென்றோரும் உண்டு. 1968 அக்டோபரில், கலிபோர்னியாவில் டிராய் பெரி என்னும் போதகர் தம் வீட்டிலேயே பன்னிருவரோடு தொடங்கிய மெட்ரோபாலிட்டன் சமூகச் சபை இம்மக்களுக்கெனவே தோன்றியது. இங்கிலாந்தில், வரவேற்கும் ஆலயங்களை இணைக்கும் 'இன்குளூசிவ் சர்ச்' என்னும் அமைப்பு 2003-இல் உருவாயிற்று. பிரித்தானிய மெதடிஸ்டு சபை 2021-இல் தன்பால் திருமணத்திற்கும் இசைவளித்தது. இவை நம் சபையின் நெறியினின்று வேறுபட்டவை. எனினும், அங்கே செபிக்கின்ற மகனோடு உறவை முறித்துக்கொள்ளும் தாய், அவன் கடவுளிடம் செபிப்பதையே தண்டிக்கின்றாள் அன்றோ! அவன் எங்கே முழந்தாளிட்டாலும், நம் வீட்டு மேசையில் அவனுக்குரிய தட்டு எடுத்துவைக்கப்பட்டிருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்காக ஆலயம் தேடுமுன் ஒன்றைச் செய்துவிடுங்கள். அவன் மனம் திறந்து சொன்ன நாளில் நீங்கள் அழுதிருக்கலாம், கோபித்திருக்கலாம், "இதை யாரிடமும் சொல்லாதே" என்று வாய் பொத்தியிருக்கலாம். இப்போது தொலைபேசியை எடுத்து, "உன்னோடு நானும் பூசைக்கு வருகின்றேன், எந்தக் கோவில் என்று நீ சொல்" என்று கூறுங்கள். அருகில் இல்லாவிடினும் அதே வேளையில் நீங்கள் இங்கே செபிப்பதை அவன் அறியட்டும். 2025 செப்டம்பர் 6 அன்று, யூபிலி ஆண்டின் திருப்பயணிகளாக இம்மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உரோமையில் புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவு வழியே நடந்து சென்றனர். பிள்ளைகளோடு நடந்த பெற்றோரும் அவர்களில் இருந்தனர். தாயும் தந்தையும் இருபுறமும் நடக்கையில் எந்த வாசலும் அச்சுறுத்துவதில்லை.

திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய நிதி அமைச்சரைக் காண்கின்றோம். அவர் அண்ணகர். இறைமக்கள் சபையில் அத்தகையோர்க்கு இடமில்லையென்று பழைய சட்டம் விலக்கியிருந்தது. ஆயினும் அவர் நெடுந்தொலைவு பயணம் செய்து எருசலேமில் தொழுதுவிட்டு, ஏசாயா நூலைப் படித்துக்கொண்டே தேரில் திரும்பிக்கொண்டிருந்தார். விலக்கிய வாசலையும் தேடிவந்த அந்த உள்ளத்தின் தாகத்தை எண்ணிப் பாருங்கள்! தூய ஆவியார் பிலிப்புவை அத்தேரோடு சேர்ந்துகொள்ளும்படி ஏவினார். பிலிப்பு ஓடிச்சென்று, ஏறி அருகில் அமர்ந்தார். திருமுழுக்குப் பெறத் தடை ஏதும் உண்டோ என்று அவர் கேட்டபோது, அவரது உடலைச் சுட்டிப் பிலிப்பு எத்தடையும் கூறவில்லை. இருவரும் தண்ணீருக்குள் இறங்கினர்.

அயலூரில் உங்கள் மகனுக்கு ஒரு பிலிப்பு கிடைக்க வேண்டுமென்று நீங்கள் செபிக்கின்றீர்கள். அதே வேளையில், வேறொரு தாயின் மகனோ மகளோ இவ்வூரில் வேலைக்கு வந்து, நம் பங்குக் கோவிலின் கடைசித் தூணருகில் தலை குனிந்து நின்றுகொண்டிருக்கலாம். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வீட்டுக்கு விரையாமல், அத்தூணருகே சென்று அப்பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். சற்று நகர்ந்து, உங்கள் குடும்பத்தின் வரிசையில் அவருக்கு இடம் கொடுங்கள்.